நிரோத் வந்த வழி

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரம் பால் விடுவது குறைந்துபோகும் என்பதால், பால்வெட்டுத் தொழிலாளிகள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரத்துக்கு மரம் போவார்கள். பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல். அதன் கீழே கட்டிய சிரட்டையில் வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக இறங்கும். குமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய கேரளத்திலும் தலைமுறைகளாக நடக்கிற வேலை இது. இந்தப் பாலில் பெரும்பகுதி ஷீட்டாக உறைந்து, புகையில் காய்ந்து, டயர் கம்பெனிக்குப் போகிறது. மீதமுள்ள சிறு பங்கில் உறையாமல் இருக்க அம்மோனியா கலந்து மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றுகிறார்கள். மரத்திலிருந்து இறங்கும்போது பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். சுழற்றி எடுத்த பிறகு ரப்பர் 60 சதவீதம் ஆகிறது. கையுறை, பலூன், ஆணுறை எல்லாம் இந்தக் கெட்டிப் பாலிலிருந்து பிறப்பவை.

அரசு ஆணுறைக்கென்று ஓர் ஆலை கட்ட முடிவானபோது இடம் திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடை என்று ஆனதற்கு இந்த மரங்களே காரணம். ஆனால் ஆலை வருவதற்கு முன்பே அதன் சரக்குக்கு ஒரு பெயரும் விலையும் வந்துவிட்டன. அந்தக் கதையில் தமிழ்நாட்டுத் தலைவர் ஒருவர் பெயரும் அடிபடுகிறது.

1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக அறிவித்த முதல் நாடு இந்தியா. அறிவித்துப் பத்து ஆண்டு கழிந்த பிறகும் ஆணுறை என்பது நகரத்து மருந்துக் கடையில் தலைகுனிந்து கேட்டு வாங்கும் பொருளாகவே இருந்தது. ஒன்று 25 பைசா அளவில் விற்றது. கூலிக்காரன் வீட்டில் அந்தக் காசுக்கு வேறு வேலை இருந்தது. 1960களின் நடுவில் கல்கத்தாவில் இருக்கும் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு அரசுக்கு ஒரு திட்டம் கொடுத்தது. மருத்துவமனையை நம்ப வேண்டாம், தேயிலையும் சோப்பும் எந்தக் கடையில் கிடைக்கிறதோ அந்தக் கடையிலேயே இதுவும் கிடைக்கட்டும், விலையை அரசு குறைக்கட்டும் என்பதே அந்தத் திட்டம். பொருளுக்குக் காமதேவனை நினைத்து ‘காமராஜ்’ என்று பெயரும் வைத்தார்கள். அப்போது அகில இந்திய காங்கிரஸ் கட்சித் தலைவராக இருந்தவர் கு. காமராஜ். பெயர் உடனே கைவிடப்பட்டது. பிறகு சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த ‘நிரோத்’ நிலைத்தது.

1968இல் நிரோத் கடைக்கு வந்தது. உள்நாட்டு ஆலை இன்னும் தயாராகவில்லை. அமெரிக்கா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளிலிருந்து 40 கோடி ஆணுறைகளை இறக்குமதி செய்ய அரசு ஏற்பாடு செய்தது. மூன்று கொண்ட பொட்டலம் 15 பைசா. ஹிந்துஸ்தான் லீவர், புரூக் பாண்ட், லிப்டன், டாடா எண்ணெய் ஆலை, யூனியன் கார்பைடு, ஐ.டி.சி. ஆகிய நிறுவனங்கள் விநியோகத்தை ஏற்றுக்கொண்டன. சோப்பு, தேயிலை, டார்ச் பேட்டரி, சிகரெட் இவை போகாத கிராமம் இந்தியாவில் இல்லை. அந்த வண்டியிலேயே நிரோத்தும் ஏறியது. தலைகீழ்ச் சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ வாசகமும் ஊர்ச்சுவர்களில் ஏறியதும் அந்தக் காலத்தில்தான்.

அன்றே கடைகளிலும் இலவசமாகக் கொடுத்திருக்கலாமே என்று இன்று தோன்றும். அன்றைய வாதம் அவ்வளவு எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குத்தான் மதிப்பு இருக்கும் என்பது அதன் ஒரு பாதி. மற்றப் பாதிதான் உண்மையில் கனமானது: பெட்டிக்கடைக்காரருக்கு ஒரு பொட்டலத்தில் சிறிது லாபம் இருந்தால்தான் அவர் அதைத் தட்டில் வைப்பார், தீர்ந்தால் திரும்பக் கேட்பார். ராத்திரி ஒன்பது மணிக்குத் திறந்திருப்பது கடைதான்; ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டர் அல்ல. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்பிருந்தே அரசு இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசுவாமி ஆண்களுக்கான அறுவை சிகிச்சையைத் தீவிரமாகப் பரப்பினார்; செய்துகொண்டவருக்கு 30 ரூபாய் ஊக்கத்தொகை. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. மீண்டும் பிள்ளை பெற முடியாதபடி செய்துகொள்கிறவனுக்கு அரசு பணம் கொடுத்தது. அடுத்த பிள்ளையை இரண்டு வருடம் தள்ளிப்போட நினைத்தவனிடம் கடையில் 15 பைசா கேட்டது. அரசுக்கு எதன் மேல் ஆசை இருந்தது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் 1966 மார்ச் 1 அன்று அரசு நிறுவனமாகப் பதிவானது. ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பேரூர்க்கடை ஆலையில் 1969 ஏப்ரல் 5 அன்று உற்பத்தி தொடங்கியது. 1980களில் கர்நாடகத்தின் பெலகாவி அருகே கனகலாவில் இன்னோர் ஆலை வந்தது. இன்று நிறுவனத்தின் பெயர் ஹெச்.எல்.எல். லைஃப்கேர்.

ஆணுறை ஆலையில் பொருள் பிறக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கெட்டிப் பாலில் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வினையைத் துரிதப்படுத்தும் வேதிப்பொருட்கள் எல்லாம் கலந்து சில நாள் பக்குவப்பட விடுவார்கள். பிறகு சங்கிலியில் வரிசையாகத் தொங்கும் கண்ணாடி அச்சுகள் பால் தொட்டிக்குள் முங்கி எழும், சுழன்றுகொண்டே காயும், மறுபடி முங்கும். ஒரே முக்கில் முடித்தால் எங்காவது ஒரு குமிழி ஓட்டையாக நின்றுவிடும். இரண்டாவது பூச்சு முதலாவதின் குறையை மூடுகிறது. சுழலும் தூரிகைகள் வாய்ப்பக்கத்தைச் சுருட்டி வளையம் ஆக்கும். அடுப்பின் சூட்டில் ரப்பருக்கு உறுதி ஏறும். பிறகு தண்ணீரில் கழற்றி, அலசி, ஒட்டாமல் இருக்கப் பொடி சேர்த்து உலர்த்துவார்கள்.

இனிமேல்தான் பரீட்சை. தயாரான ஒவ்வொன்றையும் உலோகக் குழவி ஒன்றில் மாட்டி மின்சாரம் செலுத்துகிறார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரம் பாய்ந்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கிறது என்று பொருள். எந்திரமே அதைத் தள்ளிவிடும். தேறியவற்றிலிருந்து தொகுதிக்குத் தொகுதி மாதிரிகளை எடுத்து, 300 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, உறிஞ்சு தாளில் உருட்டிப் பார்க்கிறார்கள். இன்னும் சிலவற்றில் வெடிக்கும்வரை காற்றை நிரப்புகிறார்கள். வழக்கமான அளவு ஆணுறை 18 லிட்டர் காற்றையாவது தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். வீட்டில் கவிழ்த்து வைக்கிற தண்ணீர் கேன் 20 லிட்டர்; கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஊதியபின் உடைந்தால்தான் தேர்ச்சி. நம் சட்டப்படி ஆணுறையும் மருந்துக் கணக்கில் சேர்ந்ததுதான். 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில் இதற்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. “கவர்மென்ட் நிரோத் கிழிஞ்சிடும்” என்று டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும் சொல்லாதவர் இல்லை. சும்மா வருவது தரமில்லாதது என்ற நினைப்பு இந்தப் பொட்டலத்தோடு ஒட்டிப் பிறந்துவிட்டது. அதற்கு அரசும் ஒரு காரணம். முதலில் வந்தது வழவழப்பு எண்ணெய் தடவாத உலர் வகை; பிறகு எண்ணெய் தடவிய ‘டீலக்ஸ் நிரோத்’ வந்தபோது அது காசுக்கு விற்கப்பட்டது. ஏழைக்கு உலர்ந்தது, காசுள்ளவனுக்கு வழவழப்பானது. உலர்ந்ததை மாட்டினால் உராய்வு அதிகம், கிழியும் வாய்ப்பும் அதிகம். ஒரு தடவை கிழிந்தால் அந்த வீட்டில் அதன் பிறகு நிரோத் நுழையாது. ஆலைப் பரீட்சையில் தேறிய பொருளைத் தகரக்கூரை போட்ட கிடங்கில் நம் ஊர் மே மாதத்தைக் கழிக்க வைத்தாலும் இதே கதிதான். சூடு ரப்பரின் முதல் எதிரி. இலவசமாகக் கொடுக்கிறோம் என்று சொல்லும் அரசு, கடையில் விற்பதற்குச் சமமான பொருளை, அது கெடாத இடத்தில் வைத்துக் கொடுத்தால்தான் அதற்குக் கொடுத்தது என்று பெயர்.

நிரோத் மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தபோது நெருக்கடி நிலை வந்தது. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்கு. வட இந்தியக் கிராமங்களில் போலீசைப் பார்த்து ஆண்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்த கதைகள் அன்றிலிருந்து வந்தவை. 1977 தேர்தலில் அதற்கான விலையை இந்திரா காந்தி கொடுத்தார். ஆனால் நிலையான இழப்பு வேறு இடத்தில் விழுந்தது. அதன் பிறகு எந்த அரசியல்வாதியும் ஆணின் உடம்புப் பக்கம் போகத் துணியவில்லை. குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண் என்று ஆகிவிட்டது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், ஆண் அறுவையை நம்பி இருப்பவர்கள் 0.3 சதவீதம், ஆணுறையை நம்பி இருப்பவர்கள் 9.5 சதவீதம். தமிழ்நாட்டில் பெண் அறுவை 57.8 சதவீதம். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு, இருபத்தைந்தை ஒட்டிய வயதில், பிரசவ வார்டிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் இடையில் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், மூடிக்கிடந்த ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் முகாம் போட்டுச் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பலர் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. அதுவும் இலவசமாகக் கொடுத்த கருத்தடைதான், போக ஊக்கத்தொகையும் உண்டு. ஆகவே இலவசம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இந்த விஷயத்தில் நியாயம் பேச முடியாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், வேறு ஒன்றைக் கேட்கும் உரிமையும், மனம் மாறினால் விட்டுவிடும் வசதியும் அதோடு வர வேண்டும். ஒரு பொட்டலம் நிரோத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன. அதனால்தான் இத்தனை பொருட்களில் இதன் வழியைத் தேடிப் போனேன்.

1986இல் நிரோத்தின் பாதை சென்னையில் திரும்பியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றில் ஆறு பெண்களின் மாதிரிகளில் ஹெச்.ஐ.வி. இருந்தது. நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அதுதான். அதுவரை ‘குழந்தை வேண்டாம்’ என்பதற்கான பொருளாக இருந்தது உயிர் காக்கும் பொருளாகவும் ஆனது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். லாரி நிறுத்தங்களில், பேருந்து நிலையங்களில், திருநங்கையர் சேர்ந்து வாழும் தெருக்களில் இலவச ஆணுறை போய்ச் சேர்ந்தது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரப் பலகை ஊரெல்லாம் பேச்சானது. அறிவுரை சொன்னதால் மட்டும் அந்த நோய் இந்த மாநிலத்தில் கட்டுக்குள் வரவில்லை. தேவைப்பட்டவர் கையில், தேவைப்பட்ட இடத்தில், கேள்வி கேட்காமல் பொருளைக் கொடுத்தார்கள். அந்த வேலையில் முன்னால் நின்றவர்கள் பாலியல் தொழிலாளிகளும் திருநங்கையரும்தான். இலவசம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே நடந்துகாட்டிய உதாரணம் இது.

ஆனால் சுகாதாரத் துறை ஒரு பெண்ணின் கைப்பையில் வைத்த அதே பொட்டலத்தைப் போலீஸ் வெளியே எடுத்து அவளுக்கு எதிரான சாட்சியாக வைத்தது. ஆணுறை வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் குற்றத்துக்கான ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2022 மே மாதம் வரை ஆனது. 2017 டிசம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தொலைக்காட்சியில் ஆணுறை விளம்பரம் கூடாது என்று அறிவுறுத்தியது. ஒரு அமைச்சகம் கோடிக்கணக்கில் வாங்கிக் கொடுக்கும் பொருளின் பெயரை இன்னோர் அமைச்சகம் வாயால் சொல்லக் கூடாது என்றது. வரித் துறை மட்டும் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது: 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கருத்தடைப் பொருட்களுக்கு வரி இல்லை. அதே பட்டியலில் மாதவிடாய் நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டு, அடுத்த ஆண்டு எதிர்ப்புக்குப் பின் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது பொட்டலத்தோடு கீழே இறங்குவோம். மத்திய சுகாதார அமைச்சகம் வாங்குகிறது. மாநிலக் குடும்ப நல இயக்ககம் பெற்றுக்கொள்கிறது. அங்கிருந்து மாவட்டம், அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து துணை சுகாதார நிலையம். கடைசியில் கிராம சுகாதார செவிலியரின் பை. பிற மாநிலங்களில் இந்த வேலை ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளருடையது. 2011இல் நாட்டின் 233 மாவட்டங்களில் அவர்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னபோது, மூன்று ஆணுறை கொண்ட பொட்டலத்துக்கு ஒரு ரூபாய், ஒரு மாத மாத்திரை அட்டைக்கு ஒரு ரூபாய், அவசர கருத்தடை மாத்திரைக்கு இரண்டு ரூபாய் என்று வாங்கி, அதை அவர்களே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மேலே இலவசமாகக் கிளம்பியது வாசல்படியில் ஒரு ரூபாய் ஆனது. ஒரு ரூபாய் பெரிதா என்றால், காசு பெரிதல்ல. ஆனால் கணவனுக்குத் தெரியாமல் மாத்திரை வாங்க நினைக்கிற பெண், கையில் தனக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லாமல் மாமியார் முன்னால் நிற்கிறாள். ஆஷாவின் உழைப்புக்கான கூலியை அவளிடமிருந்தா வசூலிப்பது? அது அரசு கொடுக்க வேண்டிய சம்பளம்.

தமிழ்நாட்டில் நர்ஸம்மா காசு வாங்குவதில்லை. இங்கே தடை வேறு இடத்தில் இருக்கிறது. தெற்கத்தி ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஒரு பலகைப் பெட்டியைப் பார்த்தேன். நீலப் பெயின்ட், ‘இலவச ஆணுறை’ என்ற எழுத்து, கீழே கைவிட்டு எடுக்க ஓர் இடைவெளி. நல்ல ஏற்பாடு. ஆனால் பெட்டிக்கு நேர் எதிரே பெஞ்ச். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள், புதன்கிழமை தடுப்பூசி நாள். இரண்டு நாளிலும் அந்த பெஞ்ச்சில் ஊர்ப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஆண்பிள்ளை அவர்கள் முன்னால் கையை நீட்டுவான்? எந்தப் பெண்தான் எடுப்பாள்? பெட்டி நிறைந்தே இருந்தது. ‘பயன்பாடு இல்லை’ என்று மாதாந்திர அறிக்கையில் போகும். அடுத்த தடவை சரக்குக் குறையும். மருந்தாளுநர் ஒருநாள் அதைக் கழற்றி, பைக் நிறுத்தும் கொட்டகையின் தூணில் மாட்டிப் பார்த்திருக்கிறார். அங்கே அது வேகமாகக் காலியானது. கவனித்த ஒருவர் ஆணியை இடம் மாற்றியதால் நடந்தது இது. இதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.

அதே நிலையத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் செவிலியர் கேட்டார்: “ஏம்மா, மூணு வருசமாவது இடைவெளி விடணும். காப்பர்-டி வேணாங்கிற, ஊசியும் பயமா இருக்குங்கிற. நிரோத் தர்றேன், வீட்டுக்காரர்ட்ட சொல்றியா?”

“அவரு ஒத்துக்கிற மாட்டாருக்கா. இன்னொண்ணு பெத்துட்டு ஆபரேசனே பண்ணிக்கிடுறேன்.”

செவிலியர் வற்புறுத்தவில்லை. பொட்டலத்தை மேசையிலேயே வைத்தார். இந்த நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு எப்படிப் பெண் அறுவையிலேயே போய் முடிகிறது என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. பேச வேண்டிய ஆள் அந்தக் கட்டடத்துக்குள் வரவே இல்லை. நிலையத்தின் வெளிநோயாளர் நேரம், அவன் வேலையில் இருக்கும் நேரம். அவனோடு பேச ஆண் சுகாதார ஆய்வாளர் இருக்கிறார். அவருக்குக் கொசுவும் குளோரினும் போக நேரம் இருப்பதில்லை.

இலவசமாகக் கொடுத்தால் வீணாகும் என்பவர்களுக்கு ஒரு பிடித்தமான செய்தி உண்டு. வாராணசிப் பட்டுத் தறிகளில் நூலும் நாடாவும் வழுக்கி ஓடுவதற்கு எண்ணெய் தடவிய அரசு ஆணுறைகளைத் தேய்த்தார்கள் என்று 2000களில் பத்திரிகைகள் எழுதின. நடந்திருக்கலாம். அது நெசவாளியின் குற்றமாக எனக்குப் படவில்லை. கொடுத்து முடித்ததாகக் கணக்குக் காட்டினால் போதும் என்று மூட்டைமூட்டையாக இறக்கிவிட்டுப் போனவர்களின் குற்றம். பொருள் வந்து சேர்வதைக் கணக்கெடுத்தார்கள்; ஆளுக்கு வந்து சேர்வதைக் கணக்கெடுக்கவில்லை.

இன்னொரு வாதம் இப்போது புதிதாக வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் எப்போதோ இறங்கிவிட்டது; ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைக்கும் குறைவு. இனி எதற்கு அரசு காசில் கருத்தடை என்று கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், முன்பெல்லாம் அவசரப்படாமல் பெற்றுக்கொள்ளுங்கள் என்போம், இப்போது தொகுதி மறுவரையறை வருவதால் உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பேசினார். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காகத் தமிழ்நாடு நாடாளுமன்றத் தொகுதிகளை இழக்கக் கூடாது என்ற அவருடைய கோரிக்கை நியாயமானது. அதற்கான பதில் ஒரு புதுமணப் பெண்ணின் கர்ப்பப்பையில் இல்லை. ஒரு குழந்தைக் கொள்கையைப் பல்லாண்டு திணித்த சீனா, பிள்ளைகள் குறைந்ததும் திரும்பிவிட்டது. 1993 முதல் கருத்தடைப் பொருட்களுக்கு இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டு 2026 ஜனவரி முதல் 13 சதவீத வரி விதிக்கிறது. எண்ணிக்கைக்காகக் கொடுக்கிற அரசு எண்ணிக்கைக்காகவே பிடுங்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில் தமிழருக்குப் பாடம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றிக் குடிஅரசில் எழுதினார். மற்றவர்கள் அதை வறுமைக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கேட்கிறார்கள், நான் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறேன் என்பதுதான் அவர் நிலை. அந்த நிலையில் நின்று பார்த்தால் பிறப்பு விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் பொட்டலத்தின் தேவை மாறாது. எத்தனை பிள்ளை, எப்போது, பிள்ளையே வேண்டுமா என்பதை அவள் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைக் காப்பாற்றத் தேவையான பொருள் காசில்லாதவளுக்கும் கிடைக்க வேண்டும். பிரிட்டன் 1974இல் தன் பொது மருத்துவச் சேவையில் கருத்தடையை வயதும் மணமும் பாராமல் இலவசமாக்கியது. 2023 முதல் பிரான்சில் 26 வயதுக்கு உட்பட்டவர்கள் மருந்துக் கடையில் ஆணுறையை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை குறைகிறது என்ற கவலை பிரான்சுக்கும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. வழவழப்பு எண்ணெய் தடவிய, கடைச்சரக்குக்குச் சமமான ஆணுறையே எல்லா இடத்திலும் இலவசமாகப் போக வேண்டும். பெட்டி இருக்க வேண்டிய இடம் பேருந்து நிலையத்துக் கழிப்பறை, கட்டடத் தொழிலாளர் கொட்டகை, கல்லூரி மருத்துவ அறை. வாங்குகிறவரிடம் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கக் கூடாது. மணமாகாத பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவள் அடுத்து வந்து நிற்கப் போவது கருக்கலைப்புக்குத்தான், அதுவும் பல நேரம் தாமதமாக. அதோடு பெட்டிக்கடையில் விற்பதும் தொடரட்டும். 1968இன் திட்டத்தில் இருந்த நல்ல பகுதியை விட வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், சரக்கு தீரக் கூடாது. அந்தச் செவிலியரிடம் இதைத்தான் கடைசியாகக் கேட்டேன்: நிரோத் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? “அடுத்த மாசம் இண்டென்ட் போடுவோம் சார், வந்தா குடுப்போம்” என்றார். தடுப்பூசி தீர்ந்தால்? “அதுக்கு அன்னைக்கே மாவட்டத்துல இருந்து போன் வந்துரும்.” இரண்டும் அதே அறையில், அவருடைய அதே பதிவேட்டில்தான் இருக்கின்றன. நிரோத்துக்கும் அந்த போன் வர வேண்டும்.